வழி தவறிய வாரம்

ஒரு வாரத்தில் மூன்று முறை வழி தவறினோம். முதல் முறை அறியாமையால். மற்ற இரண்டு முறையும் கொஞ்சம் ஆசையோடுதான் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மான்செஸ்டரில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன், கோடை விடுமுறைக்கு எங்களைக் குடும்பத்தோடு வரவழைத்து, டார்பிஷயரில் ஹேஃபீல்ட் என்ற சிற்றூரில் வீடு பிடித்துக் கொடுத்தான். "இங்கே பார்க்க ஒன்றும் கிடையாது, அத்திம்பேர். நடக்கத்தான் வேண்டும்" என்று சொல்லி ஒரு வரைபடத்தைக் கையில் திணித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

வரைபடத்தில் பச்சைப் புள்ளிக் கோடாக ஓடிய பாதை, தரையில் வெறும் புல்லாக இருந்தது. கற்சுவர்களுக்கு நடுவே, ஆடுமாடு தாண்டாமல் மனிதர் மட்டும் ஏறி இறங்கக் கல்லால் படி வைத்திருந்தார்கள். நம் கிராமத்துக் கடவு போலத்தான். நாலைந்து கடவு தாண்டியதும் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் நின்றோம். நாய் குரைத்தது.

"ஏன்னா, இது யாரோ வீட்டுக் கொல்லை!" என்று என் மனைவி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தோப்புக்குள் கால் வைத்ததற்காகப் பண்ணையாரிடம் வசவு வாங்கிய பெண் அவள். அதற்குள் கிழவர் ஒருவர் வெளியே வந்தார். புடவையையும் அதற்கு மேல் ஸ்வெட்டரையும் ஒரு தரம் பார்த்தார். முற்றத்தின் மறு கோடியைக் கையால் காட்டி, "கதவை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள்" என்றார். அவ்வளவுதான்!

அவர் தயவு அது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பாதி தயவு, பாதி சட்டம். நிலம் அவருடையது, அதன் ஊடே போகும் பாதை ஊருடையது. அதை அவர் அடைக்க முடியாது. இப்படிப்பட்ட பாதைகளை அளந்து படத்தில் ஏற்றவேண்டும் என்று 1949-ல் சட்டம் வந்தது. என் கையிலிருந்த பச்சைப் புள்ளிகளின் பூர்வோத்தரம் அதுதான்.

இரண்டாம் முறை வழி தவறி, கற்சுரங்கம் ஒன்றில் போய் நின்றோம். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். பாறையில் ஒரு பித்தளைப் பலகை. 1932 ஏப்ரல் 24 என்று தேதி.

ஊருக்கு மேலே கிண்டர் ஸ்கௌட் என்ற மலை, இரண்டாயிரம் அடிக்குச் சற்று அதிகம். ஊர்ப் பொதுவாயிருந்த மேய்ச்சல் காடுகளைப் பார்லிமெண்டுச் சட்டம் போட்டே தனியார் வேலிக்குள் அடைத்த தேசம் அது. 1604 முதல் 1914 வரை அப்படி 5,200 சட்டங்கள். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இந்த மலையும் பிரபுக்கள் வேட்டையாடும் இடமாயிற்று. கௌதாரி ஜாதியில் கிரௌஸ் என்ற பறவையைச் சுடுவதற்காக! மான்செஸ்டர் ஆலைகளில் ஆறு நாள் புகை குடித்தவன் ஞாயிற்றுக்கிழமை அந்த மலையைப் பார்க்கலாம்; ஏறினால் காவலாள் தடியோடு வருவான்.

1932-ல் சுமார் நானூறு இளைஞர்கள் அந்தக் கற்சுரங்கத்தில் கூடினார்கள். பென்னி ராத்மன் என்ற இருபது வயது மெக்கானிக் பேசினான். எல்லோரும் மேலே ஏறினார்கள், காவலாட்களோடு கைகலப்பு, ஒருவனுக்குக் கணுக்காலில் அடி. அத்துமீறி நுழைவது மட்டும் கிரிமினல் குற்றமல்ல என்பதால் கலகம், தாக்குதல் என்று வழக்குப் போட்டார்கள். ஜூரிகளில் பட்டாளத்துக் கர்னல்களுக்குக் குறைவில்லை. ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நாலு மாதம்.

எல்லாம் இந்த ஒரு நாளில் விளைந்தது என்று எழுத என் கை துறுதுறுக்கிறது, கதாசிரியன் புத்தி. நிஜம் அப்படியில்லை. 1884-லேயே ஜேம்ஸ் பிரைஸ் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் மலைகளில் நடக்கும் உரிமைக்கு மசோதா கொண்டுவந்து தோற்றார். நடைப்பிரியர் சங்கங்களின் பெரிய மனிதர்களோ, மனுப் போட்டுப் பெறவேண்டியதை இந்தப் பொடியன்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ராத்மன் கூட்டத்தைக் கடிந்துகொண்டார்கள். மனுவும் வேண்டியிருந்தது, சிறையும் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1951-ல் அந்தப் பிரதேசம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. திறந்த மலைவெளியில் பாதையை விட்டும் நடக்கலாம் என்று சட்டம் சொல்ல 2000-ம் ஆண்டு ஆயிற்று. 2002-ல் டெவன்ஷயர் பிரபு அங்கே நடந்த விழாவில், தம் பாட்டனார் செய்தது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் முறை அந்த மலைமேல் மூடுபனியில் அகப்பட்டோம். ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். "காவலாள் வருவானா, அப்பா?" என்றான் சின்னவன். வந்தால் அவனுக்கும் ஒரு பிடி சாதம் கொடுக்கலாம் என்றாள் அவன் அம்மா. பனி விலகியதும், தெரிந்த பாதையில் இறங்கினோம். இறங்கிய பிறகுதான் அது மலைக்கு மறுபக்கம், ஈடேல் என்ற ஊர் என்று விளங்கியது.

ரயிலடியிலிருந்து மைத்துனனுக்கு டெலிபோன் செய்தேன். "அங்கே எப்படிப் போனீர்கள்?" என்று பதறினான்.

என் மனைவி டெலிபோனை வாங்கிக்கொண்டாள். "நடந்துதாண்டா" என்றாள்.