செய்தி அறையில் இல்லாத அவகாசம்: இதழியல் துறைகளின் பணி குறித்து

இதழியலை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்ற வழக்கு நூறாண்டைத் தாண்டியது. பத்திரிகையாளர் பிறவியிலேயே அமைகிறார், பயிற்சியால் அல்ல என்ற கருத்தை ஜோசப் புலிட்சர் 1904இல் 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' இதழில் விரிவாக மறுத்தார். அதில் அவர் முன்வைத்த இதழியல் கல்லூரியின் பாடங்களில், சேர்த்தவற்றைவிட விலக்கியவை முக்கியமானவை. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் விளம்பரத்தையும் நிர்வாகத்தையும் பாடமாக்கப் பரிந்துரைத்தார். பத்திரிகை நடத்தியே செல்வரான புலிட்சர் அவற்றை ஒதுக்கி, சட்டம், வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல் ஆகியவற்றைக் கேட்டார். அவர் கொடையால் எழுந்த கொலம்பியா இதழியல் பள்ளி 1912இல் திறந்தது. அதற்கு முன்பே, 1908இல், மிசௌரி பல்கலைக்கழகம் வகுப்பு தொடங்கிய நாளிலேயே மாணவர்களைக் கொண்டு நகரத்துக்கான நாளிதழை வெளியிட்டுவிட்டது. அறிவா பயிற்சியா என்று இவ்விரு மரபுகளையும் மோதவிடுவது வழக்கம். அதைவிடப் பயனுள்ள கேள்வி, செய்தி அறையால் கற்பிக்கவே முடியாதது எது என்பதுதான்.

தமிழ்நாட்டில் அக்கேள்விக்குக் கூடுதல் வலு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இதழியல் கற்பிக்கத் தொடங்கியது. ஆனால் இதழ் மொழியையும் நிருபர் வேலையையும் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தவை பத்திரிகை அலுவலகங்களே. ஆனந்த விகடனின் மாணவர் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் பட்டம் கேட்காமலே நிருபர்களை உருவாக்கியது. தலைப்பிடவும் கெடுவுக்குள் எழுதவும் செய்தி ஆசிரியரின் மேசையே நல்ல ஆசான். அந்த வேலையையே கல்லூரி நகலெடுத்து, பழைய கேமராவையும் அடுத்த ஆண்டு மாறிவிடும் எடிட்டிங் மென்பொருளையும் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்தால், செய்தி அறையோடு அது தோற்கும் போட்டியில் இறங்குகிறது. கல்லூரியிடம் இருப்பதும் செய்தி அறையிடம் இல்லாததும் அவகாசம்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்கு நல்ல சான்று. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் செய்யும் முதல் மேல்முறையீட்டுக்கு அதிகபட்சம் 45 நாள். தொடக்கத்திலேயே விண்ணப்பித்தால் இவ்விரண்டும் ஒரு பருவத்துக்குள் அடங்கிவிடும். மாலைக்குள் செய்தி கேட்கும் ஆசிரியரிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. துறைதோறும் மானியக் கோரிக்கையின்போது தமிழிலேயே வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பை ஓர் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கோடு ஒப்பிட்டு வாசிப்பதும் அப்படியே. அக்கணக்கு கிராம சபையில் வைக்கப்படும் நாளில் மாணவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். கணக்கில் உள்ள சாலை தரையிலும் உள்ளதா என்று பிறகு நடந்து பார்க்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் முதலில் கேட்பது மென்பொருள்தானே என்ற மறுப்பு நியாயமானதே. கடன் வாங்கிப் படிக்கும் மாணவரிடம் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்வது பேராசிரியருக்கு எளிது. எனவே கருவிப் பயிற்சி வேண்டாம் என்பதல்ல, அது சில வாரங்களில் முடியக்கூடியது என்பதே என் வாதம். பின்னாளில் தொழிற்பயிற்சிக்குப் பேர்பெற்ற கொலம்பியாவே அது போதாதென்று, 2005இல் அரசியல், அறிவியல், வணிகம், கலை எனத் துறைசார்ந்த முதுகலைப் படிப்பைத் தனியே தொடங்கியது. அங்குள்ள கட்டணமும் வேலைச் சந்தையும் நமக்குப் பொருந்தா. ஆனால் நுட்பம் கைவந்த பிறகும் பொருளறிவில் குறை நிற்கிறது என்ற கணிப்பு பொருந்தும்.

இதைவிடக் கடினமான மறுப்பு, அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகம் அரசுக் கணக்கைக் கிளறும் மாணவரைக் காக்குமா என்பது. எல்லா இடத்திலும் காக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆனால் கற்பிப்பதற்கும் வெளியிடுவதற்கும் இடையே தூரம் உண்டு. மிசௌரியைப் போல ஓர் இதழை உடனே தொடங்க முடியாத துறைகூட, விண்ணப்பம், வந்த பதில், மேல்முறையீடு, கள ஆய்வுக் குறிப்பு ஆகியவை அடங்கிய கோப்பை மதிப்பீட்டுக்குரியதாக்கலாம். தகவல் மறுக்கப்பட்டாலும் கோப்பு வீணாகாது: அலுவலர் காட்டிய விலக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் உண்மையிலேயே உள்ளதா என்று சரிபார்த்து எழுதும் மாணவருக்கு அங்கேயே மதிப்பெண் இடலாம்.