வாய் திறக்கக் கூடாத மருந்தாளர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். மருந்துக்கடைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் தலைவலி மாத்திரையோடு சரி. அப்புறம் எதற்கு இந்த வேண்டாத வேலை என்கிறீர்களா? காரணம் என் ரூம்மேட்.

அவன் பார்ம்.டி. படிக்கிறான். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு அவன் கல்லூரியில் செய்முறைப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஒருவன் நோயாளியாக நடிக்க வேண்டும், இன்னொருவன் அவனுக்கு மருந்தை விளக்க வேண்டும். இன்சுலின் ஊசி போடுவது, பி.பி. பார்ப்பது, இன்ஹேலர் உறிஞ்சுவது எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினால்தான் விடுவார்களாம். ஞாயிறு ராத்திரி இரண்டு வெற்று இன்ஹேலரோடு ரூமுக்கு வந்து எங்கள் உயிரை எடுத்தான். அழுத்தினால் மருந்து பீய்ச்சும் வகையை மெதுவாக இழுக்க வேண்டும். கேப்சூல் போட்டு உறிஞ்சும் தூள் வகையை வேகமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் இழுத்த பிறகு பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். நான் மூன்று தடவை தப்பாகச் செய்தேன்.

அப்போதுதான் ஆச்சி கதையைச் சொன்னேன். ஆச்சிக்கு ஆஸ்துமா. சில வருஷத்துக்கு முன்னால் உறிஞ்சுகிற கேப்சூல் எழுதிக் கொடுத்தார்கள். கூடவே கொடுத்த கருவி எதற்கு என்று தெரியாமல் அதை அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறாள். நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போனது. இருமல் எப்படி நிற்கும்? இதை நாங்கள் வீட்டில் ஜோக்காகச் சொல்வது வழக்கம். ரூம்மேட் சிரிக்கவில்லை. "நேத்து முதல் உதாரணமே இதாண்டா" என்றான்.

மருந்தை எடுத்துக் கொடுத்தவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இதைத் தேடப் போய்த்தான் இவ்வளவும் கிடைத்தது.

அமெரிக்காவில் சொல்லக்கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள்! அமெரிக்க மருந்தாளர் சங்கத்தின் 1952-ம் ஆண்டு நெறிமுறைப்படி, சீட்டில் உள்ள மருந்து என்ன செய்யும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நோயாளியிடம் மருந்தாளர் பேசக்கூடாது. கேட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட வேண்டும். அந்த விதி போனது 1969-ல்தான். மனிதன் நிலவில் கால் வைத்த அதே வருஷம் என்பதைக் கவனிக்கவும் :-)

விதி போவதற்கு முன்பே சிலர் மீற ஆரம்பித்துவிட்டார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் பெர்ரிவில் என்ற சிற்றூர். அங்கே யூஜீன் ஒயிட் என்பவர் 1960-ல் தன் கடையில் இருந்த மற்ற வியாபாரச் சாமான்களை எடுத்துவிட்டு, அதை ஒரு ஆபீஸ் போல மாற்றினார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவேடு வைத்து, எந்த மருந்து எப்போது வாங்கினார் என்று குறித்து வந்தார். எங்கள் பாஷையில் சொன்னால் ஆளுக்கொரு லெட்ஜர். பழைய பக்கத்தைப் புரட்டினால்தானே புது மருந்து பழசோடு மோதுமா என்று தெரியும்? காமர்ஸ் மாணவன் என்ற முறையில் எனக்கு இவரை ரொம்பப் பிடித்துப் போனது.

அடுத்தது சான் பிரான்சிஸ்கோ. 1966-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாஃபிட் மருத்துவமனையில், ஒன்பதாவது மாடியில் வார்டுக்குள்ளேயே ஒரு மருந்தகம் திறந்தார்கள். மருந்தாளர்கள் டாக்டர்களோடு நின்று மருந்துகளைச் சரிபார்த்தார்கள், சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார்கள். மாணவர்களும் அங்கேயே பழகினார்கள். கிளினிக்கல் பார்மசி என்று இன்று சொல்வது வேர்பிடித்த இடங்களில் இது முக்கியமானது. புத்தகத்தில் படித்ததைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று செய்து பார்ப்பது என்ற யோசனை, என் ரூம்மேட்டின் சனி ஞாயிறு வரை வந்திருக்கிறது.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கே அப்போதைய கவலை, மருந்து அசலா போலியா என்பது. கலப்பட மருந்துகள் பற்றிய புகார்களை விசாரிக்க 1930-ல் கர்னல் சோப்ரா தலைமையில் குழு போட்டார்கள். மறுவருஷம் அறிக்கை வந்தது. 1932-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் படிப்பைத் தொடங்கினார். 1937-ல் அது மூன்று வருஷ பி.பார்ம். ஆனது. பார்மசி சட்டம் வந்தது 1948-ல். தரமான மருந்தைத் தயாரிக்க ஆள் வேண்டும், பரிசோதிக்க ஆள் வேண்டும் என்பதால் படிப்பும் ஆய்வுக்கூடம், தொழிற்சாலை என்றே போனது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தே போலியாக இருந்தால் எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கி என்ன பிரயோஜனம்?

ஆனால் அந்தக் கவலை குறைந்த பிறகும் பாடத்திட்டம் பல வருஷம் அசையவில்லை என்பதுதான் என் வருத்தம். 1990-களின் பிற்பகுதியில்தான் மைசூரிலும் நம் ஊட்டியிலும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் பார்மசி பிராக்டிஸ் என்ற முதுகலைப் படிப்பைத் தொடங்கின. பார்ம்.டி. வந்தது 2008-ல். ஆறு வருஷம், அதில் கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில். நோயாளிக்கு விளக்கம் சொல்வது மருந்தாளரின் கடமை என்று தெளிவாக எழுதிய பார்மசி நடைமுறை விதிகள் 2015-ல் வந்தன. அங்கே சொல்லாதே என்ற விதியை எடுத்து நாற்பத்தாறு வருஷம் கழித்து, இங்கே சொல் என்று ஒரு விதி. எழுதியாகிவிட்டது, சரி. நீங்கள் கடைசியாக மருந்து வாங்கியபோது கடைக்காரர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குச் சில்லறை இல்லை என்று சொன்னார்.

போன வாரம் ரூம்மேட்டை விட்டே ஆச்சிக்கு வீடியோ கால் போட வைத்தேன். கருவி இன்னும் அலமாரியில்தான் இருந்தது. கேப்சூல் போட்டு, திருப்பி, உறிஞ்சி... முதல் தடவை உள்ளே இழுப்பதற்குப் பதில் ஊதிவிட்டாள். தூள் எல்லாம் முகத்தில். இரண்டாவது தடவை சரியாக வந்தது. பத்து எண்ணச் சொன்னான். முடித்ததும் ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பையன் டாக்டருக்கால படிக்கான்?" என்றாள்.

"இல்ல ஆச்சி, மருந்துக்கு."

"அப்பம் கடையில நிக்கவனுக்கும் இது தெரிஞ்சிருக்குமால?"