பொற்கையும் மாமாவின் கொக்கியும்

முன்குறிப்பு: கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ். பதிவு நீளமாகிவிட்டது, பொறுத்தருள்க.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அத்தை பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னாள். மாமா தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பழைய வெண்கலப் பானைகளுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை. உள்ளே இரண்டு கைகள். ஒன்று தோல் நிறத்தில் அழகான பிளாஸ்டிக் கை. நகம், ரேகை எல்லாம் அச்சாக இருந்தது, ஒரு கீறல் கிடையாது. இன்னொன்று இரும்புக் கொக்கி வைத்த கை. வார் எல்லாம் வேர்வையில் கறுத்து, கொக்கி தேய்ந்து பளபளத்துக் கிடந்தது.

எங்கள் ஊர் ஏரல் பக்கம். 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் என்று பிரித்துவிட்டார்கள், இருந்தாலும் நாங்கள் சொல்லிக்கொள்வது திருநெல்வேலிச் சீமை என்றுதான். 1983-ல் ரைஸ் மில் பெல்ட்டில் சிக்கி மாமாவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அப்போது எனக்கு எட்டு வயசு. "மாமா, பொற்கைப் பாண்டியன் மாதிரி தங்கத்துல கை வச்சுக்கோங்க" என்று நான் சொன்னதாகவும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவர் சிரித்ததாகவும் அத்தை இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பொற்கைப் பாண்டியன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று. வெளியூர் போன கீரந்தை, பாண்டியனின் காவலை நம்பி மனைவியைத் தனியே விட்டுப் போகிறான். இரவில் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு, காவல் சுற்றி வந்த ராஜா சந்தேகத்தில் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தது கீரந்தையேதான். அந்த ஒரு வீட்டுக்குப் பழி வரக்கூடாது என்று தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடுகிறான். மறுநாள் தட்டின கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். பழமொழி நானூறும் இந்தக் கதையைத் தொட்டுப் போகிறது.

எங்கள் பக்கம் இந்த ராஜாவைக் கொற்கையோடு சேர்த்துச் சொல்லுவார்கள். ஏரலிலிருந்து கொற்கை பக்கம்தான். முத்துக் குளித்த துறைமுகம், இன்று கடல் சில மைல் தள்ளிப் போய்விட்டது. பக்கத்திலேயே அக்கசாலை என்று ஒரு ஊர். அக்கசாலை என்றால் காசு அடிக்கிற, பொன் வேலை நடக்கிற இடம். கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அந்தத் தட்டார்களில் ஒருத்தர்தான் ராஜாவுக்குக் கை செய்திருப்பார் என்பது சின்ன வயசில் என் ஆராய்ச்சி முடிவு. ஆதாரம் எல்லாம் கேட்கப்படாது, ஹிஹி.

அந்தத் தங்கக் கையால் என்ன செய்ய முடிந்திருக்கும்? மறுபடி ஒரு கதவைத் தட்டலாம். தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. பிளாஸ்டிக் கையும் இந்த ஜாதிதான். பார்க்கிறவர்களுக்காகச் செய்த கை.

வேலை செய்கிற கை எப்படி வந்தது? 1504-ல் போரில் கையை இழந்த ஜெர்மன் வீரன் கோட்ஸ் என்பவர் இரும்பில் ஒரு கை செய்துகொண்டார். பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் வைத்து விரல்கள் மடங்கும், ஆனால் அதை மடக்க இன்னொரு கை வேண்டும். உடம்பின் அசைவாலேயே கையை இயக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழி காட்டியவர் பெர்லினில் இருந்த பாலிஃப் என்ற பல் வைத்தியர். தோளிலிருந்து வார் கட்டி, தோள் அசைந்தால் விரல் அசைகிற மாதிரி செய்தார். அமெரிக்காவில் மர அறுவை மில்லில் கையை இழந்த டோரன்ஸ், 1912-ல் பிளந்த கொக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். மாமாவுக்கு ஒரு முகாமில் கிடைத்தது அந்தக் கொக்கியின் வாரிசுதான். அங்கேயும் மில், இங்கேயும் மில்!

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. கொக்கியின் இரண்டு பிளவையும் ரப்பர் வளையம் இறுக்கி மூடி வைத்திருக்கும். முதுகில் குறுக்கே வார், அதிலிருந்து கொக்கிக்கு ஒரு கம்பி. தோளை முன்னால் தள்ளினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும், தோளைத் தளர்த்தினால் ரப்பர் மூடிவிடும். மாமா ரப்பர் வளையம் அறுந்தால் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டுக்கொள்வார். கம்பி அறுந்தால் பிரேக் ஒயர். ஏரல் சைக்கிள் கடைதான் அவருடைய கைக்கு ஆஸ்பத்திரி.

தோளை விட்டுவிட்டு, கையை அசைத்த அதே தசையால் செயற்கைக் கையை இயக்க முடியாதா? இப்ப ஒரு சோதனை. இடது கையால் வலது முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, வலது கையை இறுக்கி மூடித் திறங்கள். உள்ளே சதை புரள்வது தெரிகிறதா? விரலை மடக்கும் பெரிய தசைகள் கைக்குள் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. கை போனாலும் அவற்றில் ஒரு பகுதி மிஞ்சும். மூளை "மடக்கு" என்றால் மடக்க விரல் இல்லாவிட்டாலும் தசை இறுகும்.

இதை முதலில் பிடித்தவர் இத்தாலிய டாக்டர் வாங்கெட்டி. 1896-ல் அடுவா போரில் இத்தாலி தோற்றது. இத்தாலிக்காகச் சண்டையிட்ட எரித்திரிய வீரர்கள் பலருடைய கையை வெட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் மிஞ்சிய தசையையே செயற்கைக் கையோடு இணைத்தால் என்ன என்று 1898-ல் அவர் யோசித்தார். முதல் உலகப்போரில் ஜெர்மன் சர்ஜன் சாவர்புருக் இதைப் பெரிய அளவில் செய்தார். தசைக்குள் தோல் போர்த்திய ஒரு சுரங்கம், அதில் ஒரு தந்த முளை, முளையிலிருந்து கைக்குக் கம்பி. நினைத்தாலே நமக்குக் கூசுகிறது. கையில்லாமல் போரிலிருந்து திரும்பியவர்கள் கூச்சமா பார்ப்பார்கள்?

அடுத்த கட்டம் மின்சாரம். தசை இறுகும்போது சின்னதாக மின்னழுத்தம் உண்டாகும். தோல் மேல் அளந்தால் மில்லிவோல்ட் கணக்குதான், ஒரு டார்ச் கட்டையின் 1.5 வோல்ட்டில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தோலில் ஒட்டிய உலோக வில்லைகள் பிடிக்கும், ஆம்ப்ளிஃபையர் பெருக்கும், ஒரு அளவைத் தாண்டினால் மோட்டார் ஓடும். மடக்கும் தசை இறுகினால் கை மூடும், நீட்டும் தசை இறுகினால் திறக்கும். 1940களில் மூனிக்கில் ரைட்டர் என்ற இயற்பியல் மாணவர் இதைச் செய்து 1948-ல் வெளியிட்டார். வால்வு ரேடியோ காலம் அது, கருவி மேசையை விட்டு நகரவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு 1960 வாக்கில் மாஸ்கோவில் கோப்ரின்ஸ்கி குழு பேட்டரியில் ஓடும் கையைக் காட்டியது. இன்று விரலுக்கு ஒரு மோட்டார் வைத்த கைகள் வந்துவிட்டன.

தசைக்குப் புது வேலை பழக்கலாம் என்பதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொடங்கி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசையின் நாணை மாற்றித் தைத்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசை விரலை நிமிர்த்தப் பழகிக்கொண்டது. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இறந்தவரின் கைகளையே எடுத்து ஒருவருக்குப் பொருத்திவிட்டார்கள்.

மாமாவிடம் ஒருநாள் இந்த மின்சாரக் கை பற்றி வாய் வலிக்க விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டு மூணே கேள்வி கேட்டார்.

"வேர்த்தா என்னல ஆவும்?"

"சிக்னல் கொழம்பும் மாமா."

"தண்ணி பட்டா?"

"நெறைய கையில படக்கூடாது."

"புடிச்சிருக்கது இறுக்கமா லூசான்னு தெரியுமா?"

நான் ஙே என்று முழித்தேன். பெரும்பாலான மின்சாரக் கைகளில் அது தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கொக்கியில் கம்பியின் இழுப்பு தோளில் தெரியும். அந்தத் தோள் கணக்கில்தான் அவர் ஆத்தூர் வெற்றிலையைக் கிழியாமல் கொக்கியில் பிடித்து, இடது விரலால் சுண்ணாம்பு தடவுவார்.

அப்போ பிளாஸ்டிக் கை எதற்கு? மகள் நிச்சயதார்த்தத்துக்காக வாங்கினது. பந்தியில் இடது கையால் சாப்பிடுவதை யாரோ ஒருமாதிரி பார்த்ததிலிருந்து அவர் விசேஷங்களில் பந்தியில் உட்காருவதே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் முழுசாக நிற்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. மாட்டிக்கொண்டு வேட்டி சட்டையில் ஜோராக வந்து உட்கார்ந்தார். தட்டு மாற்றும் நேரம் வந்தது. ஒற்றைக் கையால் தட்டு வாங்குவது மரியாதை இல்லை, இந்தக் கையோ எதையும் பிடிக்காது. சபை காத்துக்கொண்டிருக்கிறது. மாமா என்னைப் பார்த்தார்.

"ஏல, சவத்தக் கழட்டு. உள்ள ஆணில கொக்கி கெடக்கு, எடுத்துட்டு வா."

எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றி, வாரை மாட்டி, தோளை ஒருதரம் தள்ளிப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். தேங்காய் அசையவில்லை. அன்றைக்குப் பந்தியிலும் உட்கார்ந்தார்.

பரணிலிருந்து இறங்கி, "எதை வச்சுக்கட்டும் அத்தை?" என்றேன். பிளாஸ்டிக் கையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். கொக்கியைச் சேலை முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.