மண், மலம், மருந்து: காய் கழுவுவதன் கதை

சமையல் குறிப்புகளில் யாரும் நின்று படிக்காத வரி ஒன்று உண்டு: "காய்களை நன்றாகக் கழுவி நறுக்கிக்கொள்ளவும்." புளி எவ்வளவு, பெருங்காயம் எப்போது என்று மல்லுக்கட்டுகிறவர்கள்கூட இந்த வரியிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எதைக் கழுவுகிறோம்? மண்ணையா, கிருமியையா, விஷத்தையா? இந்த மூன்றும் ஒரே நாளில் நம்ம காய்மேல் வந்து ஒட்டியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை இருக்கு. அந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: அழுக்கு எங்கேயோ உண்டாகிறது, கழுவுகிற வேலை மட்டும் கடைசியில் அடுப்படிக்கு வந்து சேர்கிறது.

முதலில் மண். இது பழைய பகை, எளிய பகை. அகன்ற பாத்திரத்தில் கீரையை முங்கவிட்டு அலசி, மண் அடியில் தங்கியதும் கீரையை மேலாக அள்ளி எடுக்கணும். தண்ணியைச் சாய்த்தால் அடியிலிருக்கும் மண் திரும்பக் கீரைமேலேயே விழும். மூணு தண்ணி மாற்றினால் போதும். காலிஃபிளவருக்கு உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர், அது புழுவுக்காக. இதற்கெல்லாம் கண்தான் அளவுகோல். மண் போச்சா, புழு போச்சா, வேலை முடிஞ்சுது. மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொண்டது. கீரையைக் கடைவதற்கு முன் வேகவைக்கிறோம், கத்தரிக்காயைக் குழம்பில் கொதிக்கவிடுகிறோம். இலைகளைப் பச்சையாகத் தின்பது நம் சமையலில் குறைவு. தண்ணீர் செய்யாமல் விட்டதை நெருப்பு செய்தது, அப்படி ஒன்று நடக்கிறது என்று தெரியாமலே.

இரண்டாவது அழுக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. 1880களில் டைபாய்டு, காலரா இரண்டுக்கும் காரணமான கிருமிகள் அடையாளம் காணப்பட்டன. 1884இல் ராபர்ட் காக் காலராக் கிருமியை உறுதிசெய்தது கல்கத்தாவில். அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கு ஒரு சங்கடம். அவர்கள் சாலட் தின்கிறவர்கள். ஊரையொட்டிய தோட்டங்களிலோ மலக்கழிவு எருவாகப் போனது, சாக்கடைத் தண்ணீர் பாய்ந்தது. லெட்டூஸை வேகவைத்தால் அது லெட்டூஸ் இல்லை. அப்போது கைகொடுத்தது ஊதாநிறப் படிகம் ஒன்று, பொட்டாசியம் பெர்மாங்கனேட். லண்டனில் காண்டி என்பவர் 1857லேயே இதைக் கிருமிநாசினியாகக் காப்புரிமை எடுத்து விற்கத் தொடங்கியிருந்தார். ஆக்ராவில் அரசு வேதியியல் ஆய்வாளராக இருந்த எர்னெஸ்ட் ஹாங்கின், 1890களில் காலரா பரவிய இடங்களில் கிணறுகளில் இதைக் கொட்டச் சொன்னார். பட்டாளத்து வாயில் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரின் பேர் "பிங்கி பானி". காய்கனிகள் அதில் ஊறி மேசைக்கு வந்தன.

பிங்கி பானியின் கவர்ச்சி அதன் நிறத்தில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பகைக்கு எதிராகக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலை. ஆனால் அழுக்கில் பட்டதும் பெர்மாங்கனேட் தன் சக்தியைச் செலவழித்துப் பழுப்பாகிவிடும். மடிப்பு மடிப்பான இலைக்குள் ஒட்டியிருக்கும் கிருமியை அது எட்டும் என்று உறுதியில்லை. இன்னொன்றும் நடந்தது. சந்தேகம் சமையல்காரர்மேல் விழுந்தது. சரியா ஊறவச்சானா, கையைக் கழுவினானா என்று துரைசானி கண்காணித்தாள். சாக்கடை ஏன் தோட்டத்துக்குள் போகிறது என்ற கேள்வியைவிட இது வசதியான கேள்வி.

அந்த வசதியில்லாத கேள்வியைக் கேட்டே ஆகவேண்டிய நிலை நூறு வருஷம் கழித்து ஒரு நகரத்துக்கு வந்தது. தென்னமெரிக்காவில், சிலியின் தலைநகர் சாண்டியாகோ. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு புதிர். பெரும்பாலான வீடுகளில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் இருந்தது. மருத்துவ வசதியும் மோசமில்லை. ஆனாலும் டைபாய்டு விட்டபாடில்லை, அதிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. வாய்வழி டைபாய்டுத் தடுப்பு மருந்தின் பெரிய சோதனைகள் அந்த நகரத்தில் நடந்ததற்கு இதுவே காரணம். காய்ச்சல் கூடுவது கோடையில், அதாவது வயலுக்குப் பாசனம் நடக்கும் மாதங்களில். நகரத்தின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றிலும் கால்வாயிலும் கலந்து, அங்கிருந்து லெட்டூஸ், முட்டைக்கோஸ் வயல்களுக்குப் பாய்ந்தது. ஆய்வாளர்கள் மடித்த துணித்திரிகளைப் பாசனக் கால்வாயில் தொங்கவிட்டு எடுத்து, அதிலிருந்து டைபாய்டுக் கிருமியைப் பிரித்துக் காட்டினார்கள். 1984இல் அது அச்சிலும் வந்தது. தெரிந்தும் வருஷங்கள் ஓடின.

1991 ஜனவரியில் பக்கத்து நாடான பெருவில் காலரா வெடித்தது. சில மாதங்களில் சிலிக்குள்ளும் வந்தது. டைபாய்டுக்கு அசையாத அரசு காலராவுக்கு அசைந்தது. சாக்கடைத் தண்ணீரில் பச்சையாகத் தின்னும் காய்களை வளர்க்கத் தடை, வயலில் நின்ற பயிர் அழிப்பு. கைகழுவுங்க, வேகவைத்துத் தின்னுங்க என்ற பிரச்சாரமும் கூடவே நடந்தது. அந்த ஆண்டு சிலியில் காலரா சுமார் 40 பேரோடு நின்றது. யாரும் குறிவைக்காத டைபாய்டும் சடாரென்று சரிந்தது. காலரா பயம் போன பிறகும் அது பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. பயம் போனால் பழக்கங்கள் தளரும். தளராமல் நின்றது தண்ணீர்மேல் போட்ட தடை. அத்தனை வருஷம் சாண்டியாகோவின் அம்மாக்கள் லெட்டூஸைக் கழுவாமலா கொடுத்திருப்பார்கள்?

மூன்றாவது அழுக்கு மருந்து. வயல்காட்டுப் பேச்சில் பூச்சிக்கொல்லியின் பெயரே மருந்துதான். "மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்போம். இந்தக் கதையின் தொடக்கம் அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில். 1890களிலிருந்து ஈய ஆர்சனேட் என்ற ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த பொடியைக் கரைத்து அடித்தார்கள். 1919இல் பாஸ்டன் நகரச் சுகாதாரத் துறை, மேற்கு மாநிலங்களிலிருந்து வந்த பேரிக்காய்களில் ஆர்சனிக் படிவைக் கண்டது. விஷயம் பெரிதாக வெளியே வரவில்லை. 1920களின் நடுவில் பிரிட்டன் அமெரிக்க ஆப்பிளில் ஆர்சனிக் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தது, சந்தை போய்விடும் என்ற நிலை. அதன் பிறகுதான் பழம் பொதியும் கொட்டகைகளில் கழுவும் இயந்திரங்கள் வந்தன. வெறும் தண்ணீருக்கு அந்தப் படிவு அசையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிறகு தண்ணீரில் அலசினார்கள். வீட்டுக்காரம்மா குழாயடியில் தேய்த்தால் போகாத ஒன்றைப் பழத்தை விற்கிறவனே கழுவியாக வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது தின்பவரின் உடம்பல்ல, ஏற்றுமதி.

1940களில் டிடிடி வந்தது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். காயின் மெழுகுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து வந்தவை செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்துகள். வேரோ இலையோ உறிஞ்சி, சாறோடு எல்லா இடத்துக்கும் போகும். மோனோகுரோட்டோபாஸ் அந்த வகை. இந்திய அரசு 2005இல் காய்கறிப் பயிர்களுக்கு அதைத் தடைசெய்தது, பருத்திக்கு விட்டுவைத்தது. பருத்திக்கென்று வாங்கிய டப்பா பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்குப் போகாமல் யார் காவல் நிற்பது? உள்ளே போனதை எந்தத் தண்ணியாலும் அலச முடியாது.

சரி, கழுவுகிற வேலையை முழுசாகத் தொழிற்சாலையிடம் கொடுத்துவிட்டால்? 2006இல் அமெரிக்காவில் அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. கழுவிப் பையில் அடைத்து, அப்படியே தின்னலாம் என்று விற்ற பசலைக்கீரையால் சுமார் 200 பேர் ஈகோலை கிருமியால் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். அதே கிருமி கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணையைச் சுற்றி, மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியிலும் ஆற்றுத் தண்ணீரிலும் கிடைத்தது. பல வயல்களின் கீரை ஒரே தொட்டியில் புரளும்போது ஒரு வயலின் அழுக்கு எல்லாப் பைக்கும் பங்காகலாம். ஆப்பில் ஆர்டர் போட்டு வரும் "ரெடி டு குக்" கீரைப் பையைப் பிரிக்கும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

அப்படின்னா கழுவவே வேண்டாமா? வேணும். ஓடும் தண்ணியில், நறுக்குறதுக்கு முன்னாடி, கையால் தேய்த்துக் கழுவினால் மண் போகும், கிருமி பெருமளவு குறையும், மேலே படிந்த மருந்திலும் ஒரு பகுதி போகும். 2000இல் அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் சோதித்தபோது, காய்கனி கழுவவென்றே விற்கும் திரவங்கள் வெறும் தண்ணீரைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. 2017இல் மாசசூசெட்ஸில் ஆப்பிள்களை வைத்துச் செய்த ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா போட்ட தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தது மேற்பரப்பு மருந்தை நன்றாக அகற்றியது. தோலுக்குள் இறங்கியதை அதுவும் முழுசாக எடுக்கவில்லை. சோப்பு வேண்டாம். 2020 கொரோனாவில் ஊரே தக்காளிக்குச் சோப்பு போட்டபோது, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதைத்தான் சொன்னது.

ஆனால் இதெல்லாம் கடைசிக் கட்டம். ஹைதராபாத்துக்குக் கீழே மூசி ஆற்றங்கரையில் நகரத்தின் கழிவுநீரில் கீரை வளர்கிறது. அதை வளர்ப்பவருக்கு வேறு தண்ணி கிடையாது, முழங்கால்வரை அதில் நிற்பவரும் அவர்தான். பூச்சி மருந்தை முதலில் மூச்சில் இழுப்பதும் நாமில்லை, அடிக்கிறவர். அடுப்படியில் மூணு தண்ணி அலசி நம் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம், அவர்கள் பங்கு அப்படியே இருக்கும். "நன்றாகக் கழுவவும்" என்ற வரி, சமைக்கிற பெண்ணுக்கு மட்டுமே எழுதப்பட்டதாக நாம் வாசித்துப் பழகிவிட்டோம். சாண்டியாகோவில் அது ஒருமுறை அரசாங்கத்துக்கு எழுதப்பட்டதாக வாசிக்கப்பட்டது, ஒரே ஆண்டில் பிள்ளைகளின் காய்ச்சல் இறங்கியது.