காருக்கு எந்த ஆயில்? ரத்தத்தை அளக்கப் போன ஒரு டாக்டரின் கணக்கு

1/ டாக்டர் எதுக்கு இன்ஜின் ஆயில் பத்தி எழுதுறாருன்னு தோணுதா? காரணம் இருக்கு. இன்ஜின் ஆயில் வரலாற்றில் இரண்டு டாக்டர்கள் இருக்காங்க. ஒருத்தர் கச்சா எண்ணெயை இன்ஜினுக்கு ஆயிலாக்கியவர். இன்னொருத்தர் பெயரில்தான் ஆயிலின் கெட்டித்தன்மையை இன்னைக்கும் அளக்கிறோம். "வேகமான கார்னா கெட்டியான ஆயில் ஊத்தணும்"னு நம்புறவங்க அவசியம் படிங்க.

2/ முதல் ஆள் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஜான் எல்லிஸ். கச்சா எண்ணெய்க்கு மருத்துவ குணம் ஏதாவது இருக்கான்னு ஆராயப் போனார். மருந்தா பெருசா எதுவும் தேறல. ஆனா வழுவழுப்பு பிரமாதம்! அந்தக் காலத்து நீராவி இன்ஜின்களுக்கு மிருகக் கொழுப்பும் தாவர எண்ணெயும்தான். சூட்டில் அது பிசுபிசுன்னு வால்வில் ஒட்டிக்கும். எல்லிஸ் 1866ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்ட்டனில் கம்பெனி தொடங்கினார். 1873ல் அவர் ஆயிலுக்கு வைத்த பெயர் வால்வோலின். ஆமாங்க, இன்னைக்கும் கடையில் தொங்குற அதே பெயர்தான்.

3/ இரண்டாவது ஆள் பிரான்ஸ் டாக்டர் புவாசேய். மெடிக்கல் காலேஜில் நாங்க "பாய்சூல்ஸ் லா"ன்னு மனப்பாடம் பண்ணுவோமே, அவரேதான். பாதரசம் வச்சு ரத்த அழுத்தத்தை அளந்து 1828லேயே டாக்டர் பட்டம் வாங்கியவர். அடுத்து, நுண்ணிய ரத்தக் குழாயில் ரத்தம் எப்படி ஓடுதுன்னு அவருக்குத் தெரியணும். ரத்தம் உறைஞ்சுடும் என்பதால் மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓட விட்டு அளந்தார்.

4/ 1840களில் வெளியான முடிவு இதுதான்: குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. திரவம் இரண்டு மடங்கு கெட்டியானால் ஓட்டம் பாதி. அதனாலதான் விபத்தில் ரத்தம் போய் வர்றவங்களுக்கு நாங்க தடிமனான, நீளம் குறைந்த ஊசி போடுறோம். இன்ஜினுக்குள்ள ஆயில் ஓடுற ஓட்டைக்கும் இதே கணக்குதான். பாகுத்தன்மையை அளக்கும் "பாய்ஸ்" என்ற அலகு அவர் பெயரிலிருந்து வந்தது.

5/ நடுவில் நம்ம விளக்கெண்ணெய்க்கும் ஒரு காலம் இருந்தது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழலும் இன்ஜின்களில் ஆமணக்கு எண்ணெய்தான் ஊத்தினாங்க. பெட்ரோலில் அது எளிதில் கரையாது, சூட்டிலும் வழுவழுப்பு நிற்கும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனா நாள்பட்டால் பிசின் மாதிரி படியும். அதனால தினசரி ஓட்டுற காருக்கு அது ஒத்துவரல.

6/ 1911ல் அமெரிக்க ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ ஆயிலைப் பாகுத்தன்மைப்படி வகை பிரிக்க ஆரம்பிச்சது. 30, 40, 50ன்னு டப்பாவில் இருக்கே, அது எடையும் இல்ல, தரமும் இல்ல. 40 என்பது 30ஐ விட "ஒசத்தி" கிடையாது. 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பதற்கான எண், அவ்வளவுதான்.

7/ குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு ஒரு ஆயில், வெயிலுக்கு ஒரு ஆயில்னு மாத்தணும். இந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்தது மல்டிகிரேடு. 5டபிள்யூ-30ல் டபிள்யூ என்றால் பனிக்காலம். முன்னாடி உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமா நகரும்னு சொல்லும். மெல்லிசான ஆயிலில் பாலிமர் சேர்ப்பாங்க. சூடு ஏறும்போது அது விரிஞ்சு, ஆயில் ரொம்ப நீர்த்துப் போகாமல் தாங்கும்.

8/ இங்கே ஒரு சிக்கல். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் தலைமுடியை விடக் குறைவான இடைவெளி. அதில் ஆயில் பயங்கர வேகத்தில் இழுபடும்போது பாலிமர் நீண்டு படுத்துக்கும், ஆயில் மெலியும். நம்ம ரத்தமும் இப்படித்தான். மெதுவா ஓடினால் சிவப்பணுக்கள் நாணய அடுக்கு மாதிரி ஒட்டி ரத்தம் கெட்டியாகும், வேகமா ஓடினால் பிரிஞ்சு மெலியும்.

9/ அதனால 150 டிகிரியில், கடும் இழுவையில் தனியா ஒரு சோதனை வச்சாங்க. அதில் 20 கிரேடுக்கு குறைந்தது 2.6 சென்டிபாய்ஸ், 30க்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5, 60க்கு 3.7 வேணும். பேரிங்கைக் காப்பாத்துற எண் இதுதான். பாருங்க, 40க்கும் 60க்கும் வித்தியாசம் 0.2தான்!

10/ "அப்போ கெட்டியானதையே ஊத்திடலாமே?" வேண்டாம். பிரஷர் மீட்டரில் முள் ஏறினால் ஓட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. ரத்தக் குழாய் சுருங்கினாலும்தான் பிபி ஏறும்! கெட்டி ஆயிலைப் பம்ப் தள்ளும்போது அழுத்தம் எகிறி ரிலீஃப் வால்வு திறந்துடும், ஆயிலில் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமலே திரும்பிடும். உராய்வில் சூடும் கூடும். வால்வு டைமிங்கை ஆயிலாலேயே இயக்கும் இன்ஜின்கள் தடுமாறும்.

11/ "நம்ம ஊரில் பனியே இல்லையே, டபிள்யூ எதுக்கு?" ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதை விட 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டி. சென்னை மதியத்திலும் காலையிலும் ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினுக்கு அது குளிர்தான். ஸ்டார்ட் பண்ணி உடனே ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க.

12/ இரண்டு கார்களைப் பாருங்க. 8000 ஆர்பிஎம் வரை சுத்தும் பி.எம்.டபிள்யூ எம்3, இ46 தலைமுறைக்கு 10டபிள்யூ-60. 2017ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காருக்கு 0டபிள்யூ-20. இரண்டுமே வேகமான கார்கள்தான்! மெல்லிய ஆயில் எரிபொருள் மிச்சத்துக்காக வந்தது உண்மை. ஆனா பேரிங் இடைவெளி, பம்ப், கூலிங் எல்லாம் அந்தந்த ஆயிலை மனசில் வச்சுத்தான் வடிவமைப்பாங்க. ஒன்றின் ஆயிலை இன்னொன்றில் ஊத்தினால் இரண்டுக்குமே ஆபத்து.

13/ சுருக்கமா என் மருந்துச் சீட்டு:
• முதலில் கார் மேனுவல். கிரேடு மட்டும் போதாது, அதில் கேட்டிருக்கும் ஏ.பி.ஐ, ஏ.சி.இ.ஏ தரமும் பொருந்தணும்.
• ரேஸ் டிராக்கில் ஓட்டினால் ஆயில் சூட்டைப் பாருங்க. தொடர்ந்து 120 டிகிரியைத் தாண்டினால், மேனுவல் அனுமதிக்கும் அடுத்த கிரேடுக்குப் போகலாம். இருமடங்கு தாவ வேண்டாம்.
• டர்போ காரில் தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப் போகலாம். சீக்கிரம் மாத்துங்க.

14/ பக்கத்து வீட்டுக்காரருக்கு பிபி நல்லா குறையுதுன்னு அவர் மாத்திரையை நாம போட்டுக்க மாட்டோம் இல்லையா? அவர் காரின் ஆயிலும் அப்படித்தான். உங்க இன்ஜினுக்கு எழுதின சீட்டு டேஷ்போர்டு டிராயரில் பிரிக்காமலே கிடக்கு. இன்னைக்கு ஒருமுறை எடுத்துப் படிங்க.