நட்சத்திரம் போட்ட கேள்வி

நாடாளுமன்றம்னா செய்தியில் மூணே மூணு காட்சிதான் காட்டுவாங்க: கூச்சல், வெளிநடப்பு, ஒத்திவைப்பு. ஆனா அந்தக் கூச்சலுக்கு அடியில் பள்ளிக்கூடத்து டைம்டேபிள் மாதிரி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. மக்களவை காலை 11 மணிக்குக் கூடும். 12 வரை கேள்வி நேரம். அப்புறம் அமைச்சர்கள் அறிக்கைகளை அவையில் வைப்பாங்க, ஜீரோ அவர் நடக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம் மசோதா, விவாதம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு. சாயந்திரம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடலாம் (பல நாள் சாத்த மாட்டாங்க, அது வேற கதை). எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம்னு சபாநாயகர் தலைமையில் இருக்கிற அலுவல் ஆலோசனைக் குழு பேசி முடிவு பண்ணும்.

இதில் பெரும்பாலான நேரம் அரசாங்கம் எதை எடுத்துக்க நினைக்குதோ அதுதான் நடக்கும். முதல் ஒரு மணி நேரம் மட்டும் நேர் எதிர். அங்கே பேச்சை ஆரம்பிக்கிறது உறுப்பினர், பதில் சொல்ல எழுந்து நிக்க வேண்டியது அமைச்சர். இந்தப் பதிவு அந்த ஒரு மணி நேரத்தோட கதை.

முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். ஒரு எம்.பி. கேள்வி கேட்கணும்னா குறைஞ்சது 15 நாளுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். வர்ற கேள்விகளைக் குலுக்கல் போட்டு வரிசைப்படுத்துவாங்க. அமைச்சகங்களை அஞ்சு குழுவாப் பிரிச்சு, வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருக்காங்க. அதனால் ரயில்வேக்கு என்னைக்கு, நிதிக்கு என்னைக்குன்னு முன்கூட்டியே தெரியும்.

கேள்விகளில் ரெண்டு வகை. நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்லணும். ஒரு நாளைக்கு 20 கேள்விதான். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அது ஒரு நாளைக்கு 230 வரை. எண்ணிக்கையைப் பார்த்தா எழுத்துதான் பெருசு. ஆனா எம்.பி.க்கள் எல்லாரும் ஆசைப்படுறது அந்த 20-க்குத்தான். ஏன்னா நட்சத்திரம் போட்ட கேள்விக்கு மட்டும்தான் துணைக் கேள்வி உண்டு. கேட்டவருக்கு ரெண்டு வாய்ப்பு, அதுக்கப்புறம் சபாநாயகர் அனுமதிச்சா மத்தவங்களும் கேட்கலாம்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னா, நட்சத்திரமில்லாத கேள்வி மெயில். நட்சத்திரக் கேள்வி கால். மெயிலில் 'ஆய்வு செய்யப்பட்டு வருகிறது'ன்னு ஒத்தை வரியில் பதில் அனுப்பி டிக்கெட்டை மூடிடலாம். ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்தவங்களுக்கு இந்த வித்தை தெரியாமல் இருக்காது :-) காலில் அது நடக்காது. "யார் ஆய்வு செய்யுறா? எப்போ முடியும்?"னு அடுத்த நொடியே கேள்வி வரும். முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் பக்கம் பக்கமா எழுதிக் கொடுத்துடுவாங்க. துணைக் கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும்னு அவங்களாலும் முழுசா ஊகிக்க முடியாது. அமைச்சருக்குத் துறை தெரியுமா தெரியாதான்னு அங்கேதான் வெளியே வரும்.

இது வெள்ளைக்காரனுக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. 1892 சட்டத்தில்தான் முதல்முறையா சட்ட மேலவை உறுப்பினர்கள் அரசைக் கேள்வி கேட்க அனுமதி கிடைச்சது. 1893 பிப்ரவரியில் முதல் கேள்வியைக் கேட்டவர் அவத் பகுதியைச் சேர்ந்த பிங்கா ராஜா. கேள்வி என்ன தெரியுமா? சுற்றுப்பயணம் போகிற அரசு அதிகாரிகளுக்குச் சாமான் சப்ளை பண்ண வேண்டியிருந்த கிராமத்துக் கடைக்காரங்க படுற கஷ்டத்தைப் பற்றி. ராஜா கேட்டது மளிகைக் கடைக்காரருக்காக! ஆனா கேள்வி கேட்டுட்டு, பதிலை வாங்கிட்டு உட்கார்ந்துடணும். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. துணைக் கேள்விக்கு 1909 மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம், கூட்டத்தின் முதல் மணி நேரம் கேள்விகளுக்கே என்பதெல்லாம் 1919 சட்டத்துக்கு அப்புறம், 1921 வாக்கில் வந்தது. கேள்வியைக் கொடுத்து 17 வருஷம் கழிச்சுத்தான் துணைக் கேள்வியைக் கொடுத்தான்னா, எதைப் பார்த்துப் பயந்திருக்கான்னு புரியுது இல்ல?

சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த ஒரு மணி நேரம் என்ன பண்ணும்னு காட்டின வருஷம் 1957. அதில் மாட்டினவர் நம்ம ஊர்க்காரர்.

எல்.ஐ.சி. ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகலை. 1957 ஜூனில் கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குத் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அப்போ அது எவ்வளவு பெரிய தொகைன்னு நினைச்சுப் பாருங்க. எல்லாம் பாலிசிதாரர்கள் கட்டின பிரீமியம். முந்த்ராவோ கடனில் தத்தளிச்சுக்கிட்டு இருந்தவர். எல்.ஐ.சி.யின் சொந்த முதலீட்டுக் குழுவிடம்கூட முன்கூட்டிக் கேட்கலை.

செப்டம்பர் 4 அன்று ராம் சுபக் சிங் மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். அவர் எதிர்க்கட்சி இல்லை, பீகார் காங்கிரஸ்காரர். பிடிகொடுக்காத பதில்தான் வந்தது. அப்போ நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஆமாம், நம்ம வீட்டு குக்கர் கம்பெனியில் இருக்கிற அதே டி.டி.கே. அவையில் அவரை மடக்குறது லேசுப்பட்ட காரியம் இல்லை. நவம்பர் கடைசியில் விஷயம் மறுபடி கேள்வியா வந்தது. அப்பவும் பதில் திருப்தியா இல்லை. டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி எழுந்தார். அவரும் காங்கிரஸ், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன். தேதி, விலை, கம்பெனி பேர் எல்லாம் கையில் வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து வச்சார்.

முன்னாடி சொன்ன பதிலும் அப்புறம் வெளிவந்த தகவலும் ஒட்டலை. அதுக்கு மேல் மூடி வைக்க வழியில்லை. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாப் போட்டாங்க. விசாரணை பம்பாயில், பொதுமக்கள் முன்னாடி. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினாங்களாம். பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்தாச்சு. (கமிஷன்னா வருஷக்கணக்குன்னு பழகின நமக்கு இது வேற கிரகத்துச் செய்தி.) செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் பொறுப்புன்னு சாக்ளா சொல்லிட்டார். அந்த மாசமே டி.டி.கே. ராஜினாமா. முதல் கேள்வியிலிருந்து எண்ணினா அஞ்சரை மாசம். டி.டி.கே. பணம் தின்னார்னு யாரும் நிரூபிக்கலை, பின்னாடி மறுபடி அமைச்சரவைக்கு வந்து 1963-இல் திரும்ப நிதியமைச்சராவும் ஆனார் என்பதையும் சொல்லிடணும். அன்னைக்குச் சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் திருச்சானூர்க்காரரான அனந்தசயனம் ஐயங்கார்.

ஃபெரோஸ் காந்தி பற்றி இன்னொண்ணு. நாடாளுமன்றத்தில் ஒரு எம்.பி. பேசினதுக்காக அவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனா அதை அப்படியே அச்சடிச்ச பத்திரிகை மேல் போடலாம்னு ஒரு நிலைமை இருந்தது. அதை மாத்த அவர் கொண்டு வந்த தனிநபர் மசோதா 1956-இல் சட்டமாச்சு. நெருக்கடி நிலையில் அந்தச் சட்டத்தை ரத்து பண்ணினது அவர் மனைவியின் அரசு. 1977-இல் ஜனதா அரசு திரும்பக் கொண்டு வந்தது.

கேள்வி நேரம் புனிதமானதுன்னு சொல்ல வரலை. 2005-இல் கேள்வி கேட்கக் காசு வாங்கினதா ரகசியக் கேமராவில் மாட்டி, அந்த டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தாங்க. 2009 நவம்பர் 30 அன்று கேள்வி கொடுத்தவங்களில் பெரும்பாலானோர் அவைக்கே வராததால், மக்களவையில் கேள்வி நேரம் பாதியிலேயே முடிஞ்சு போச்சு. கூச்சல் போடணும்னா எல்லாக் கட்சிக்கும் வசதியான நேரமும் இந்த 11 மணிதான், கேமரா எல்லாம் விழிச்சிருக்கும். இது தாங்காமல்தான் மாநிலங்களவையில் 2014 குளிர்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தை மதியம் 12 மணிக்குத் தள்ளினாங்க. கூச்சலும் கூடவே 12 மணிக்கு நகர்ந்தது.

இப்போ 2020-க்கு வர்றேன். செப்டம்பர் 14 அன்று கொரோனாவுக்கு நடுவில் மழைக்காலக் கூட்டத்தொடர் ஆரம்பிச்சது. ரெண்டு அவையும் ஷிஃப்ட் போட்டு, நாளுக்கு நாலு மணி நேரம். கேள்வி நேரம் கிடையாது, ஜீரோ அவர் அரை மணி நேரம்தான். எழுத்துப் பதில் மட்டும் உண்டு. நேரம் குறைவு, கேள்வி நேரம்னா அதிகாரிகள் கூட்டம் சேரும் என்பது அரசு தரப்பு வாதம். முன்னாடியும் நிறுத்தியிருக்காங்களேன்னும் சொன்னாங்க. உண்மைதான். 1962-இல் சீனப் போரின்போது கட்சிகள் பேசி ஒத்துக்கிட்டு நிறுத்தினாங்க. ஆனா அதே கூட்டத்தொடரில் போரைப் பற்றியே 165 உறுப்பினர்கள் பேசினாங்க, நேரு உட்கார்ந்து கேட்டார். 1975-இல் நெருக்கடி நிலையிலும் நிறுத்தினாங்க. அதை யாரும் நல்ல முன்னுதாரணமாச் சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கிறேன். கூட்டம் சேரும்கிற வாதமும் எனக்கு ஒட்டலை. அந்த ஏப்ரலிலேயே பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் எம்.பி.க்கள் வீட்டிலிருந்து ஜூம் வழியாக் கேள்வி கேட்டாச்சு. உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற ஊர் இது.

கூட்டத்தொடரின் முதல் நாளே அதன் விலை தெரிஞ்சது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பின புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் செத்தாங்க, மாநிலவாரியா விவரம் உண்டா, குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தீங்களான்னு மக்களவையில் ஒரு கேள்வி. தொழிலாளர் அமைச்சகத்தின் எழுத்துப் பதில்: அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. எனவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை.

நானும் தினமும் டேட்டாபேஸோடு மாரடிக்கிறவன்தான். ஒரு டேபிளில் வரிசை இல்லைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கலாம்: அப்படி எதுவும் நடக்கலை, இல்லைன்னா யாரும் பதிவு பண்ணலை. அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னாடி துணைக் கேள்வி வரிசை கட்டி நிக்குது. ஏன் பராமரிக்கலை? தண்டவாளத்தில் படுத்துத் தூங்கினவங்க மேல் ரயில் ஏறின செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்துச்சே, அது எந்தக் கணக்கில்? இனிமேலாவது எண்ணுவீங்களா? யாராவது ஒரு எம்.பி. எழுந்து முதலாவதைக் கேட்டிருந்தாலே போதும், அமைச்சர் வாயைத் திறந்து ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கணும். அது அவைக்குறிப்பில் ஏறியிருக்கும். கேட்க அந்த ஒரு மணி நேரம் இல்லை.

அக்டோபர் 1 வரை நடக்க வேண்டிய கூட்டத்தொடர் செப்டம்பர் 23 அன்றே முடிஞ்சது. அந்த வருஷம் குளிர்காலக் கூட்டத்தொடரே கிடையாது. கேள்வி நேரம் 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில்தான் திரும்ப வந்தது.

ஜீரோ அவர் இன்னும் சுவாரசியமான விஷயம், விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு பேரே இல்லை. அது தனிப் பதிவா வரும். இப்போதைக்கு ஆணி அதிகம். சட்டமன்றத்தில் கேள்வி நேரம் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் எழுதுங்க.