மாதிரி ரயில் பெட்டிகளில் எல்இடி விளக்கு

மாதிரி ரயிலின் பயணிகள் பெட்டிக்குள் எல்இடி விளக்குகளைப் பொருத்தி, பெரும்பாலும் தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைக் கொண்டே எரியவைக்கும் கைவேலை இது. 1:87 அளவிலான எச்ஓ, 1:160 அளவிலான என் ஆகிய இரு வகை மாதிரிகளிலும் செய்யப்படுகிறது. விளக்கை எரியவைப்பது எளிது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அது சிமிட்டாமல் எரிய வேண்டும். திறமை முழுவதும் அங்கேதான் தேவைப்படுகிறது.

நிஜ ரயில்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்தவைதாம். 1881இல் லண்டன்–பிரைட்டன் தடத்தில் ஓடிய ‘பீட்ரிஸ்’ என்ற புல்மன் பெட்டியின் மின்விளக்குகள் பேட்டரிகளை நம்பியே எரிந்தன. பின்னாளில் சக்கர அச்சால் சுழலும் டைனமோ வந்தது. வண்டி நின்றதும் பேட்டரி கைகொடுத்தது. மாதிரிப் பெட்டியில் அந்தப் பொறுப்பு கெபாசிட்டருடையது.

முன்பு கோதுமை மணி அளவிலான இழை பல்புகளே வழக்கம். அவை மின்சாரத்தை நிறைய இழுத்தன. சூட்டில் பிளாஸ்டிக் கூரை நெளிவதும் உண்டு. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சூஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கியதைத் தொடர்ந்து வெள்ளை எல்இடி சந்தைக்கு வந்தது. பெட்டி விளக்கின் கதையும் மாறியது.

முதல் வேலை மின்சாரத்தைப் பிடிப்பது. உலோகச் சக்கரங்களில் ஒரு பக்கம் மட்டும் அச்சிலிருந்து மின்காப்பு செய்யப்பட்டிருக்கும். அச்சை மெல்லிய பித்தளைத் தகடு உரசும்படி வைத்து, ஒரு சக்கரத் தொகுதியில் இடத் தண்டவாளத்தையும் மற்றதில் வலத் தண்டவாளத்தையும் தொடலாம். தகடு அழுத்தமாக உரசினால் பெட்டி இழுபடாது. பத்துப் பெட்டி கோத்த வண்டியை ஏற்றத்தில் இழுக்க எஞ்சின் திணறிவிடும். ஆகவே தகட்டை வளைக்கும் பக்குவத்துக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

அடுத்தது கணக்கு. 26.4 மீட்டர் நீளமுள்ள ஜெர்மன் பெட்டி எச்ஓ அளவில் சுமார் 30 சென்டிமீட்டர். மீட்டருக்கு 60 எல்இடி கொண்ட 12 வோல்ட் பட்டையை 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெட்டலாம் என்பதால், ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரே நீளமாக அது கூரைக்குள் அடங்கும். டிசிசி எனும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் 15 வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். நான்கு டையோடு கொண்ட பாலத் திருத்தியில் சுமார் 1.4 வோல்ட் கழியும்; வரிசையாக உள்ள மூன்று எல்இடிகள் ஏறக்குறைய 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 4.6 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். துண்டுக்கு 2 மில்லி ஆம்பியர் வீதம் மொத்தம் 12 மில்லி ஆம்பியர் போதும் என்றால், 390 ஓம் ரெசிஸ்டர் பொருந்தும். பட்டையை அதன் முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் பெட்டி கடை விளம்பரப் பலகைபோல் ஆகிவிடும்.

தூசி படிந்த தண்டவாளத்தில் தொடர்பு நொடிக்கு நொடி அறுபடும். 25 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இந்தக் கணக்கில் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கேனும் இடைவெளியை நிரப்பும். நேர்–எதிர் முனைகளை மாற்றி இணைத்தால் அது வெடிக்கவும் கூடும். பல பெட்டிகளின் வெற்றுக் கெபாசிட்டர்கள் ஒரே கணத்தில் மின்னேறும்போது, டிசிசி கருவி அதைக் குறுக்குச்சுற்று என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இதைத் தவிர்க்க 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்னேற்றி, டையோடு வழியாக வெளியேற்றுவார்கள். பழைய நேர்மின் முறையில் வண்டி நின்றால் தண்டவாளத்தில் மின்சாரமே இராது. அங்கே பட்டன் பேட்டரியும், கூரைமேல் காந்தத்தைக் காட்டினால் இயங்கும் ரீட் சுவிட்சும் உதவுகின்றன.

நிறத்தைக் காலமே தீர்மானிக்கிறது. இழை பல்பு காலத்துப் பெட்டிக்கு 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயல். குழல்விளக்குப் பெட்டிக்குக் குளிர்ந்த வெள்ளை. பிளாஸ்டிக் சுவர் வழியே வெளிச்சம் கசிந்தால், உட்புறம் முதலில் கறுப்பும் அதன்மேல் வெளிர்நிறமும் பூசினால் போதும். பட்டையைக் கூரையிலும் மின்தொடர்பைத் தரையிலும் வைத்து, இடையே சுருள்வில் தொடுமுனைகளைப் பொருத்துபவர்களும் உண்டு. பயணிப் பொம்மைகளை உட்காரவைக்கக் கூரையைக் கழற்றும்போது கம்பி அறுபடாது.